தாய் வயிற்றிலேயே வந்த தொற்று: பிரின்ஸ்டன் சுண்டெலிக் கூட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மூளை அழற்சி கொள்ளைநோயாகப் பரவியது. அதன் காரணத்தைத் தேடிக் குரங்குகளில் சோதனை செய்துகொண்டிருந்த சார்லஸ் ஆம்ஸ்ட்ராங், ஆர்.டி. லில்லி ஆகிய இருவருக்கும் தேடாத வேறொரு வைரஸ் அகப்பட்டது. அது தாக்கிய விலங்கின் மூளையுறைகளிலும், மூளைத்தண்டுவட நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலிலும் லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்கள் திரண்டு கிடந்தன. கண்ணில் பட்டதையே நோய்க்குப் பெயராக வைத்தார்கள்: லிம்போசைட்டிக் கோரியோமெனிஞ்ஜைட்டிஸ், சுருக்கமாக எல்சிஎம். 1934இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

இந்த வைரஸ், முன்பு அதைச் சந்திக்காத வளர்ந்த சுண்டெலியை என்ன செய்யும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மயக்கம் கொடுத்து 0.03 மில்லி கரைசலை மூளைக்குள் செலுத்தினால், ஐந்து நாட்கள் எலி வழக்கம்போல் தின்னும், ஓடும். ஆறாம் நாள் வாக்கில் மயிர் சிலிர்த்துக்கொள்ளும், முதுகு கூனும், கண் பாதி மூடிக்கொள்ளும். வாலைப் பிடித்துத் தூக்கி லேசாகச் சுழற்றினால் வலிப்பு வரும். பின்னங்கால்கள் விறைத்து நீளும். எட்டாம் நாளுக்குள் பெரும்பாலானவை செத்துவிடும்.

ஆறு நாள் தாமதம் தற்செயலானது அல்ல. வைரஸ் பெருகுவது முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே நடக்கிறது. அப்போது எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. வைரஸை அடையாளம் கண்ட டி செல்கள் (தொற்றுள்ள செல்களைத் தாக்கும் ஒரு வகை லிம்போசைட்டுகள்) பெருகி மூளையுறைக்கு வந்துசேர ஆறு நாட்கள் ஆகின்றன. எலியைக் கொல்வது அவைதான். 1956இல் வாலஸ் ரோவ், எக்ஸ் கதிர் பாய்ச்சி எதிர்ப்பாற்றலை ஒடுக்கிய எலிகள் அதே அளவு வைரஸ் செலுத்தியும் பிழைப்பதைக் காட்டினார். பின்னால், டி செல்கள் வளரும் தைமஸ் சுரப்பியை நீக்கியும், லிம்போசைட்டுகளை அழிக்கும் சீரம் கொடுத்தும் பார்த்தபோது அதே முடிவு வந்தது. இந்த வைரஸ் தான் குடியேறிய செல்லைத் தானாகக் கொல்வதில்லை. கீழே வரும் எல்லாமும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கின்றன.

1935: சோதனை எலியே தொற்றின் இருப்பிடம்

நியூ ஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் விலங்கு நோயியல் பிரிவு இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே பணிபுரிந்த எரிச் டிராவுப், நிறுவனம் வளர்த்த வெள்ளைச் சுண்டெலிகளிலிருந்தே ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து 1935இல் அறிவித்தார். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டிகளை அது கடந்து சென்றது. அது ஆம்ஸ்ட்ராங், லில்லி கண்ட எல்சிஎம் வைரஸ்தான் என்பது விரைவில் உறுதியானது.

சோதனைக்கூடத்துக்கு இதைவிடச் சங்கடமான செய்தி இருக்க முடியாது. அக்காலத்தில் ஒரு மாதிரியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க இருந்த கருவியே சுண்டெலிதான். அந்த எலிக்கூட்டத்திலேயே வைரஸ் குடியிருந்தால் முடிவுகள் இரண்டு பக்கமும் பிழைக்கும். தொற்றுள்ள எலியின் மூளையை அரைத்து, வேறு எந்த நோய்க்கான சோதனைக்காகவோ சுத்தமான எலிக்குச் செலுத்தினால் அது சாகும். மாதிரியில் புது வைரஸ் இருப்பதாகத் தோன்றும். மாறாக, பிறவியிலேயே தொற்று பெற்ற எலியைச் சோதனை விலங்காக எடுத்து அதன் மூளையில் எல்சிஎம் வைரஸையே செலுத்தினாலும் அது அசையாது; மாதிரி சுத்தம் என்று எழுதிவிடுவோம். ஒரே கூண்டு வரிசையில் இரண்டு வகை எலிகளும் கலந்திருந்தால், ஒருநாள் சாவும் மறுநாள் அமைதியுமாக முடிவுகள் தாறுமாறாக வரும். செய்முறையில் பிழை தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

எடுத்த முடிவு: அழிக்காமல் பின்தொடர்வது

தொற்றுள்ள கூட்டத்தைக் கண்டால் இன்று யாரும் முதலில் செய்வது, மொத்தமாக அழித்துவிட்டுக் கூடத்தைக் கழுவுவது. டிராவுப் அப்படிச் செய்யவில்லை. கூட்டத்தை அப்படியே வைத்து நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து, தாய், குட்டி, பேரக்குட்டி என்று வரிசையாகச் சோதித்தார். அவர் எலியின் தோற்றத்தை நம்பவில்லை. ரத்தத்தையும் உறுப்புகளையும் எடுத்து வேறு சுத்தமான விலங்குகளுக்குச் செலுத்தி, அவை நோயுறுகின்றனவா என்று பார்த்தே முடிவு செய்தார். தாயின் வயிற்றிலிருந்த கருக்களையும் இப்படியே சோதித்தார். கண்டுபிடிப்பின் உயிர்நாடி இந்த ஒழுங்குதான் என்பது எங்கள் கருத்து. தோற்றத்தை வைத்துத் தரம் பிரித்திருந்தால் தொற்று முழுமையாகப் பரவியிருந்த ஆண்டில் "கூட்டம் சுத்தமாகிவிட்டது" என்று எழுதியிருப்பார்.

நான்கு ஆண்டுகளில் கண்டவை

ஆரம்ப ஆண்டுகளில் நோய் கண்ணுக்குத் தெரிந்தது, அதுவும் குட்டிகளில் மட்டும். தாய் வயிற்றிலோ, ஈன்ற சில நாட்களிலோ தொற்று பெற்ற குட்டிகளில் ஒரு பகுதி வளர்ச்சி குன்றி வாடின. வளர்ந்தபின் கூண்டுத் துணையிடமிருந்து தொற்று பெற்றவை வேறு மாதிரி நடந்துகொண்டன. அவை பெரும்பாலும் நோயுறாமலே வைரஸை ரத்தத்திலிருந்து அகற்றிவிட்டு எதிர்ப்பாற்றல் பெற்றன. சிறுநீரிலும் மூக்குநீரிலும் வைரஸ் வெளியேறியது. ஒரே கூண்டில், ஒரே வைரஸிடம், வயது வித்தியாசம் மட்டுமே இரண்டு நேர்மாறான முடிவுகளைத் தந்தது.

கருவில் தொற்று பெற்றுப் பிழைத்தவை வாழ்நாள் முழுதும் ரத்தத்திலும் உறுப்புகளிலும் வைரஸைச் சுமந்தன. அவற்றின் மூளையில் வைரஸைச் செலுத்தினாலும் சாகவில்லை. ஆனால் வைரஸை முறியடிக்கும் ஆன்டிபாடி அவற்றின் சீரத்தில் தென்படவில்லை. ஒரு விலங்கு வைரஸுக்கு அசையாமல் நிற்க வேண்டுமானால் அதற்கு எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும், எதிர்ப்பாற்றல் இருந்தால் வைரஸ் போய்விட வேண்டும் என்பதுதான் அன்றைய கணக்கு. இங்கே வைரஸும் இருந்தது, எலியும் இருந்தது.

ஆண்டுகள் போகப்போக நோய் தணிந்தது. குட்டிகள் வாடுவது குறைந்தது. 1939இல் நான்கு ஆண்டுப் பதிவுகளை அவர் வெளியிட்டபோது, கூட்டத்தில் ஏறத்தாழ எல்லா எலிகளும் தாய் வயிற்றிலேயே தொற்று பெற்றுப் பிறந்தன. பார்வைக்கு எல்லாமே நலமாக இருந்தன. தொற்று ஏறிய அளவுக்கு நோய் இறங்கியது.

இந்த எதிர்த்திசைக் கோட்டை விளக்குவது இன்று கடினமில்லை. வாழ்நாள் தொற்றுள்ள பெண் எலி ஒவ்வொரு ஈற்றிலும் தன் குட்டிகள் அனைத்துக்கும் வைரஸைக் கொடுத்துவிடுகிறது. 1966இல் செட்ரிக் மிம்ஸ் ஒளிரும் ஆன்டிபாடி கொண்டு பார்த்தபோது, அப்படிப்பட்ட எலியின் சூலகத்தில் கருமுட்டைக்குள்ளேயே வைரஸின் புரதம் இருந்தது. நஞ்சுக்கொடி உருவாகும் முன்பே தொற்று வந்துவிடுகிறது. அந்தக் கிளை வழியில் ஒரு தலைமுறை கடந்தால் தொற்றில்லாத குட்டி பிறக்க வழியே இல்லை. ஈன்ற பின் தொற்று பெற்று அவதிப்படும் குட்டிகளின் பங்கு அதனால் தானாகவே சுருங்கிப் போகிறது.

1949 முதல் 1963 வரை: ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டது

டிராவுப்பின் எலிகளுக்குப் பெரிய பொருளைக் கொடுத்தவர் மெல்பர்னில் இருந்த மக்ஃபார்லேன் பர்னெட். 1945இல் ரே ஓவன், நஞ்சுக்கொடியின் ரத்தநாளங்கள் இணைந்த இரட்டைக் கன்றுகள் ஒன்றன் ரத்த அணுக்களை மற்றொன்று வாழ்நாள் முழுதும் வைத்திருப்பதைக் காட்டியிருந்தார். இந்தக் கன்றுகளையும் பிரின்ஸ்டன் சுண்டெலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1949இல் பர்னெட்டும் ஃபிராங்க் ஃபென்னரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: கருவில் இருக்கும்போது சந்திப்பதை எல்லாம் உடல் "தன்னுடையது" என்று பதிந்துகொள்கிறது, பிறகு அதை எதிர்ப்பதில்லை.

அடுத்த ஆண்டே பர்னெட் இதைச் சோதிக்கக் கோழிக் கருக்களில் இன்ஃப்ளுயென்சா வைரஸ் முதலியவற்றைச் செலுத்திப் பார்த்தார். பொரித்த குஞ்சுகள் வழக்கம்போல் ஆன்டிபாடி உண்டாக்கின, சோதனை தோற்றது. 1953இல் லண்டனில் ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரென்ட், பீட்டர் மெடவார் மூவரும் சுண்டெலிக் கருக்களில் வேறு வகை எலியின் உயிருள்ள செல்களைச் செலுத்தி, பிறந்த எலிகள் அந்த வகையின் தோலை ஏற்பதைக் காட்டியபோது கருத்து நிலைபெற்றது. 1960இல் பர்னெட்டும் மெடவாரும் நோபல் பரிசு பெற்றார்கள். செல் கொடுத்தால் பலிக்கிறது, இன்ஃப்ளுயென்சா வைரஸைக் கொடுத்தால் பலிக்கவில்லை. ஏன்? உயிருள்ள செல்லும் எல்சிஎம் வைரஸும் உடலில் நிலைத்து நிற்கின்றன. ஒருமுறை வந்து கரைந்துபோகும் பொருளைக் கொண்டு இந்த நிலையை வாழ்நாள் முழுதும் காக்க முடியாது.

இப்படித்தான் "சகிப்பு" என்ற சொல் இந்த எலிகளுக்கு ஒட்டியது. அந்தச் சொல்லில் பாதி உண்மை இருந்தது. மறுபாதி இருபது ஆண்டுகளுக்கு ஒரு நோயை மறைத்துவிட்டது.

சகிப்பு உடைக்கக்கூடியதே என்பதை 1963இல் கோபன்ஹேகனில் மோகென்ஸ் வோல்கர்ட் காட்டினார். எல்சிஎம் வைரஸைச் சந்தித்துக் குணமான, மரபில் ஒத்த எலியிடமிருந்து நிணநீர் உறுப்புச் செல்களை எடுத்து, வாழ்நாள் தொற்றுள்ள எலிக்குக் கொடுத்தார். ரத்தத்தில் வைரஸ் சரிந்தது. அந்த எலிகளின் உடல் அமைப்பில் கோளாறு எதுவும் இல்லை, வைரஸை அடையாளம் காணும் செல்கள் மட்டுமே இல்லை என்பது இதிலிருந்து தெரிந்தது.

1964 முதல் 1982 வரை: சிறுநீரகத்தில் கிடந்த ஆன்டிபாடி

பார்வைக்கு நலமாயிருந்த எலிகளை முதுமை வரை யாரும் பொறுமையாக வைத்துப் பார்த்திருக்கவில்லை. 1964இல் ஜான் ஹாட்சினும் அவருடன் பணியாற்றியவரும், பிறந்தவுடன் தொற்று கொடுத்த எலிகள் பல மாதங்கள் கழித்து மெலிந்து, கூனி, மயிர் கலைந்து போவதையும், சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகள் கெட்டுப்போவதையும் பதிவு செய்தார்கள். பிந்தி வரும் நோய் என்று அதை அழைத்தார்கள்.

காரணத்தைத் தேடிப் போனவர்கள் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் இருந்த மைக்கேல் ஓல்ட்ஸ்டோனும் ஃபிராங்க் டிக்சனும். அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது, ஆனால் யாரும் எடுக்காதது. சீரத்தில் ஆன்டிபாடி இல்லை என்றால் உடலில் எங்குமே இல்லை என்று அவர்கள் கொள்ளவில்லை. வடிமுடிச்சுகளை ஒளிரும் சாயத்தால் பார்த்தபோது, ரத்தநாளச் சுவர் நெடுக மணிமணியாக எலியின் ஆன்டிபாடியும், அழற்சியைத் தூண்டும் காம்ப்ளிமென்ட் புரதமும், வைரஸின் புரதமும் ஒரே இடத்தில் படிந்திருந்தன. சிறுநீரகத் திசுவை அரைத்துக் கழுவி, அமிலக் கரைசலில் ஊறவைத்து, ஒட்டியிருந்த ஆன்டிபாடியைப் பிரித்து எடுத்தார்கள். அது எல்சிஎம் வைரஸையே பற்றியது. 1967இலும் 1969இலும் இந்த முடிவுகள் வெளிவந்தன.

"சகிக்கும்" எலிகள் ஆன்டிபாடியை உண்டாக்கிக்கொண்டேதான் இருந்தன. ரத்தத்தில் ஒரு மில்லிக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் தொற்றலகு வரை வைரஸ் ஓடிக்கொண்டிருந்ததால், உண்டான ஆன்டிபாடி உடனுக்குடன் வைரஸோடு ஒட்டிக்கொண்டது. தனியாக மிஞ்சவில்லை, அதனால் சோதனைக் குழாயில் தென்படவில்லை. ஒட்டிய கொத்துகள் சிறுநீரகத்தில் வடிகட்டப்படும்போது அங்கேயே தங்கி அழற்சியைக் கிளப்பின. எந்த எலி வகை அதிக ஆன்டிபாடி உண்டாக்கியதோ, அந்த வகைக்கே சிறுநீரக நோயும் கடுமையாக வந்தது. எஸ்டபிள்யூஆர் வகை அதற்கு எடுத்துக்காட்டு, சி3எச் வகையில் நோய் லேசாகவே இருந்தது.

1982இல் இன்னொரு சேதமும் தெரியவந்தது. சி3எச் எலிக் குட்டிகளுக்குப் பிறந்தவுடன் தொற்று கொடுத்தால் அவை குள்ளமாகி, ரத்தச் சர்க்கரை தாழ்ந்து இறக்கும். பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோன் உண்டாக்கும் செல்களுக்குள் வைரஸ் குடியிருந்தது. செல்கள் சாகவில்லை, அழற்சி இல்லை, நுண்ணோக்கியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. ஹார்மோன் மட்டும் குறைந்திருந்தது. வைரஸ் செல்லைக் கொல்லாமலே அதன் தொழிலைக் கெடுத்துவிடும். திசுவை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்துவிட்டு "பாதிப்பு இல்லை" என்று எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்தாக வேண்டும்.

1989 முதல் 1992 வரை: தைமஸில் நடப்பது

ஆன்டிபாடி உண்டு என்றால் சகிப்பது எது? டி செல்கள்தான். தைமஸ் சுரப்பி, தன் உடலின் புரதங்களைக் கடுமையாகப் பற்றும் இளம் டி செல்களை வளரவிடாமல் அழிக்கிறது. கருவிலேயே வைரஸ் தைமஸுக்குள் குடியேறிவிட்டால், வைரஸின் புரதமும் "தன்னுடைய" பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. 1989இல் சூரிக்கில் ஹன்ஸ்பீட்டர் பிர்ஷரின் குழு இதை நேரில் காட்டியது. டி செல்களில் பெரும்பாலானவை எல்சிஎம் வைரஸின் ஒரே ஒரு புரதத் துண்டைப் பற்றுமாறு மரபணு மாற்றிய எலிகளை அவர்கள் உருவாக்கினார்கள். அந்த எலிகள் பிறவித் தொற்றோடு வளர்ந்தபோது அந்த டி செல்கள் தைமஸிலேயே மறைந்துபோயின.

வோல்கர்ட் செய்த செல் மாற்றத்தை இப்போது நுணுக்கமாகத் திரும்பச் செய்ய முடிந்தது. செய்முறை இப்படி. எல்சிஎம் தொற்றிலிருந்து குணமாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆன, மரபில் ஒத்த எலியின் மண்ணீரலை எடுத்து, செல்களைப் பிரித்து, சில கோடி செல்களைத் தொற்றுள்ள எலிக்குள் செலுத்துவார்கள். ரத்தத்திலிருந்து வைரஸ் சில வாரங்களில் போய்விடும். மூளையின் நரம்புச் செல்களிலிருந்து போக மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அதுவும் செல்களைக் கொல்லாமலே நடக்கும். சிறுநீரகத்திலும் தாமதமாகத்தான் விலகும். திசு அடையாளம், அதாவது எச்-2 வகை, ஒத்துப்போகாவிட்டால் எதுவும் நடக்காது. எதிர்ப்புச் செல் வைரஸைத் தனியாகக் காண்பதில்லை, தன் உடலின் திசு அடையாளத்தோடு சேர்த்தே காண்கிறது என்று 1974இல் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் கான்பெராவில் இதே வைரஸைக் கொண்டுதான் கண்டுபிடித்திருந்தார்கள். 1996இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் எங்களை மிகவும் நிறுத்தி யோசிக்கவைப்பது 1991இல் பெத் ஜேமிசன், ரஃபி அகமது ஆகியோர் பதிவு செய்த தொடர்ச்சி. செல் மாற்றத்துக்குப் பிறகு தைமஸிலிருந்தும் வைரஸ் விலகியது. விலகியபின், கொடுத்த செல்கள் மட்டுமல்லாமல், எலியின் சொந்த தைமஸிலிருந்து புதிதாகப் பிறந்த டி செல்களும் எல்சிஎம் வைரஸை எதிர்க்கத் தொடங்கின. கருவில் பதிந்தது என்றென்றைக்குமான முத்திரை இல்லை. வைரஸ் தைமஸில் இருக்கும்வரை அழிப்பு நடக்கிறது, போனால் நின்றுவிடுகிறது.

பிறவித் தொற்றை, வளர்ந்த எலியில் நிலைத்துவிடும் தொற்றோடு குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது. 1984இல் அகமது, ஓல்ட்ஸ்டோன் முதலியோர் வாழ்நாள் தொற்றுள்ள எலியின் மண்ணீரலிலிருந்து பிரித்த குளோன் 13 என்ற வைரஸ் வகை, நலமான வளர்ந்த எலியிலும் நாட்பட்ட தொற்றை உண்டாக்கும். அங்கே வைரஸை அறிந்த டி செல்கள் இருக்கும். ஆனால் சோர்ந்து செயலிழந்திருக்கும். 2006இல் டி செல்லை அடக்கும் பிடி-1 என்ற ஏற்பியை மறித்தபோது சோர்ந்த செல்கள் மீண்டும் வேலை செய்ததைக் கண்டது இந்த வகை எலிகளில்தான். பிறவித் தொற்றுள்ள எலியில் அந்த டி செல்கள் பெரும்பாலும் இல்லவே இல்லை. இல்லாத செல்லை எழுப்ப முடியாது. குளோன் 13 எலியில் கிடைத்த சிகிச்சை முடிவைப் பிறவித் தொற்றுக்கு எடுத்து வைக்கும் கட்டுரைகளை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

இன்றைக்கு மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, ஆள் பாதுகாப்பு. எல்சிஎம் மனிதருக்கும் தொற்றும். காய்ச்சலோடு சிலருக்கு மூளையுறை அழற்சி வரும், பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். கர்ப்பிணிக்கு வந்தால் கதை வேறு. மனிதக் கரு எலிக் கருவைப் போல வைரஸை அமைதியாகச் சுமப்பதில்லை; மூளையில் நீர் கோத்தும், விழித்திரை சிதைந்தும் குழந்தை பிறக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு உயிராபத்து: 2005இல் அமெரிக்காவில் தொற்றுள்ள ஹாம்ஸ்டரோடு பழகிய ஒருவரின் உறுப்புகளைப் பெற்ற நான்கு பேரில் மூவர் இறந்தார்கள். நலமாய்த் தெரியும் எலியின் சிறுநீரில் வைரஸ் வாழ்நாள் முழுதும் வெளியேறுகிறது. கூண்டின் ஈர மரத்தூள் காய்ந்து பறக்கும்போது மூச்சில் போகும். நான்கு ஆண்டுகள் தொற்றுள்ள கூட்டத்தைத் திறந்த கூண்டில் வைத்துப் பார்ப்பதை இன்று அனுமதிக்கக் கூடாது. கூண்டு கழுவும் பணியாளரிடம் இதைச் சொல்லாமல் மறைப்பதையும் அனுமதிக்கக் கூடாது. காற்று வடிகட்டும் கூண்டு, முகக்கவசம், கையுறை ஆகியவற்றோடு, கர்ப்பிணிப் பணியாளரை அந்த அறைப் பக்கமே அனுப்பாத ஏற்பாடும் வேண்டும்.

இரண்டாவது, ஆன்டிபாடி சோதனையை மட்டும் நம்பக் கூடாது. வளர்ந்தபின் தொற்று பெற்று வைரஸை விரட்டிய எலியில் ஆன்டிபாடி தெளிவாகத் தெரியும், வைரஸ் இருக்காது. உண்மையில் பரப்புகிற பிறவித் தொற்று எலியில் வைரஸ் நிறைய இருக்கும். தனி ஆன்டிபாடி குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். சோதனை குற்றமற்றதைப் பிடித்து, பரப்புவதை விட்டுவிடும். ஒரு கூட்டத்தில் சில எலிகளில் மட்டும் ஆன்டிபாடி கண்டால், "சில எலிகளுக்குத்தான் தொற்று" என்று படிக்கக் கூடாது. அந்தச் சிலவற்றுக்குத் தொற்றைக் கொடுத்த, ஆன்டிபாடி காட்டாத எலி எது என்று தேட வேண்டும். சிறுநீரகம், மண்ணீரல், ரத்தம் ஆகியவற்றில் ஆர்டி-பிசிஆர் செய்து வைரஸின் ஆர்என்ஏவையே பார்க்க வேண்டும்.

காவல் எலிகள், அதாவது கூட்டத்தில் தொற்று இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்க வைக்கும் சுத்தமான எலிகள், வைப்பதிலும் இதே கவனம் தேவை. பொதுவான வழக்கம், அழுக்கான மரத்தூளைச் சுத்தமான எலியின் கூண்டில் போட்டுச் சில வாரங்களுக்குப் பிறகு அதன் சீரத்தைச் சோதிப்பது. 2007இல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு பதிவில், காட்டு எலியிலிருந்து உருவாக்கிய வகையில் இருந்த எல்சிஎம் தொற்று மரத்தூள் முறையில் அகப்படவில்லை. அந்த வகையின் கருமாற்றத்துக்குப் பிறகே வெளிப்பட்டது. காவல் எலியைச் சந்தேகக் கூண்டிலேயே நேராக இணைந்து வாழவிடுவது மேல். காவல் எலி வளர்ந்ததாகவும் முழு எதிர்ப்பாற்றல் உள்ளதாகவும் இருக்க வேண்டும்; குட்டியையோ, டி செல் இல்லாத மொட்டை எலியையோ வைத்தால் அதுவும் ஆன்டிபாடி காட்டாமல் தொற்றைச் சுமக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, கூட்டத்தைச் சுத்தம் செய்யும் வழி. பல எலி நோய்களுக்கு, நிறை சினையில் தாயின் வயிற்றை அறுத்துக் குட்டிகளை எடுத்து, சுத்தமான வளர்ப்புத் தாயிடம் விட்டால் போதும். தாயோடு குட்டி தொடாதவரை நோய் வராது. எல்சிஎம்மில் இது பயன்படாது, குட்டி ஏற்கெனவே தொற்றோடு இருக்கிறது. வளர்ப்புத் தாய்க்கும் கொடுத்துவிடும். அருமையான மரபு வகையாக இருந்து காப்பாற்றியே ஆக வேண்டுமென்றால், உறைநிலையில் வைத்த பழைய சுத்தமான கருக்களிலிருந்து மீட்பதுதான் முதல் தேர்வு. அது இல்லாமல் தொற்றுள்ள எலியிலிருந்தே கரு எடுத்து மாற்றினால், வளர்ப்புத் தாயையும் பிறந்த குட்டிகளையும் தனிமையில் வைத்து ஆர்என்ஏ சோதனை முடியும்வரை கூடத்துக்குள் விடக் கூடாது.

நான்காவது, வைரஸ் உள்ளே வந்த வாசல். காட்டுச் சுண்டெலி ஒரு வாசல். அதைவிட எளிதில் கவனம் தப்புவது சோதனைக்கூடத்தின் குளிர்பெட்டி: எலிக்கு எலி மாற்றிவந்த புற்றுக்கட்டிகள், செல் வரிசைகள், சீரங்கள். வைரஸ் செல்லைக் கொல்லாததால் தொற்றுள்ள செல் வரிசை வளர்ப்புத் தட்டில் மற்றவற்றைப் போலவே செழித்து வளரும். எலிக்குள் போகும் ஒவ்வொரு செல் வரிசையையும் செலுத்தும் முன் ஆர்டி-பிசிஆரில் பார்த்துவிட வேண்டும்.

கால்நடை மருத்துவர்களுக்கு இதெல்லாம் கேட்ட கதையாக இருக்கும். மாடுகளில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பிவிடி வைரஸும் இப்படித்தான். சினையின் ஏறத்தாழ 40ஆம் நாளிலிருந்து 120ஆம் நாளுக்குள் தாய்க்குத் தொற்று வந்தால், கன்று அந்த வைரஸைச் சகித்துப் பிறந்து வாழ்நாள் முழுதும் மந்தைக்குப் பரப்பும். ஆன்டிபாடி பார்த்தால் அந்தக் கன்று சுத்தம்போல் தெரியும். காது ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி வைரஸின் புரதத்தைத் தேடும் வழக்கம் அதற்காகவே வந்தது. சுண்டெலிக் கூடத்துக்கும் அதே ஒழுங்கைக் கொண்டுவரலாம்: புதிதாக வரும் ஒவ்வொரு இனப்பெருக்க ஜோடியிலும் ஆன்டிபாடியோடு சேர்த்து ஆர்என்ஏவையும் பார்ப்பது, ஜோடி ஓய்வு பெறும்போது சிறுநீரகத்தை எடுத்து இன்னொரு முறை பார்ப்பது.